மூக்கு சாருக்கு நாலு பர்கர்

— கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா இந்தத் துண்டை எடுத்துக் கட்டிவிட்டுருவேன், பாத்துக்கோங்க.

— கண்ணை மூடிக்கிட்டு சாப்பிட நான் என்ன சின்னப் பிள்ளையா?

— கம்பெனியில சாஸ் ருசி பாக்கும்போது கண்ணை மூடிக்கிட்டுத்தானே பாப்பீங்க? கண்ணு பொய் சொல்லும், நாக்கு சொல்லாதுன்னு கல்யாணமான புதுசுல பெருமையா சொன்னது யாரு?

— அது கம்பெனி. இது வீடு.

— வீடுன்னா நாக்கு பொய் சொல்லலாமா?

— அக்கா, நான் வேணா அப்புறமா வரேன். வேன் தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள வினிகர் கேன் வேற இருக்கு.

— நீ உக்காருடா. நீதான் சாட்சி.

— பர்கர் திங்கறதுக்கு எதுக்குக்கா சாட்சி? முதலாளி ஒரே ஒரு வார்த்தை வாங்கிட்டு வரச் சொன்னாரு. காய்ச்சல்ல போன மூக்கும் நாக்கும் மாமாவுக்குத் திரும்ப வந்துடுச்சா, இல்லையா. திரும்பிடுச்சுன்னா திங்கக்கிழமை வந்து உக்காரணும். இல்லைன்னா மாமா இடத்துல இருக்கற அந்தப் புதுப் பையனையே நிரந்தரமாப் போட்டுடறேன்னுட்டாரு. சாயந்திரத்துக்குள்ள சொல்லணுமாம். சத்தியமா அவரு குரல்ல கோவம் இல்லக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— அந்த ஒரு வார்த்தையைத்தான் இவர் வாயிலிருந்து பிடுங்கப் பாக்கறேன். என்கிட்ட ஒண்ணு சொல்றார், உங்க முதலாளிகிட்ட வேற ஒண்ணு சொல்றார். நேத்து போன்ல பேசினதை நான் துணி காயப்போட்டுக்கிட்டே கேட்டேன். 'வாயில மண்ணை அள்ளிப் போட்டாலும் தெரியாதுங்க'ன்னு அழாத குறையா சொல்றார். போனை வச்சுட்டு உள்ள வந்து, நான் பண்ணி வச்ச பீட்ரூட் பர்கரை ஒரு கடி கடிச்சுட்டு 'பிரமாதம்'ங்கறார். மண்ணுக்கும் பீட்ரூட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு பிரமாதம் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— உன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்.

— யாரு? நீங்களா? டேய் தம்பி, இதைக் கேட்டியா. கல்யாணமான மறுநாள் இந்த மனுஷனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். புதுப் பொண்டாட்டி, பாத்துப் பாத்துப் போட்டது. ஒரு வாய் குடிச்சுட்டு என்ன கேட்டார் தெரியுமா? 'இந்தப் பாத்திரத்துல நேத்து வெங்காயம் வச்சிருந்தியா?'

— வச்சிருந்தியா?

— நேத்து இல்லடா, முந்தாநாள்! தேய்ச்சுக் கழுவி வெயில்ல கவுத்தி வச்ச பாத்திரம். அன்னையிலேர்ந்து குறை சொல்லாம இவர் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அப்படிப்பட்டவர் இப்போ எதை நீட்டினாலும் பிரமாதம், அருமை, இன்னொண்ணு வை. எனக்குச் சந்தேகம் வராதா?

— கம்பெனியில சும்மாவா மூக்கு சார்னு பேரு வச்சாங்க? தக்காளி பேரல் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே, இது வேணாம், திருப்பி அனுப்புன்னுவாரு. இந்தப் புதுப் பையன் கரண்டி கரண்டியா நக்கறான். நக்கிட்டு, சுத்தி நிக்கறவங்க மூஞ்சியைப் பாத்து, 'நல்லாத்தானே இருக்கு?'ன்னு எங்களையே கேக்கறான். நான் வேன் ஓட்டறவன், என்னைக் கேக்கறான்க்கா. போன தடவை கடைகளுக்குப் போன சாஸ் பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சு.

— கத்துக்குவான். அதுக்கென்ன இப்போ?

— அதுக்கென்ன இப்போவா? உங்க நாற்காலியில உக்காந்திருக்கான் மாமா!

— நாற்காலிதானே.

— பாத்தியா? இப்படித்தான் பேசறார். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமைகூட கம்பெனி வரைக்கும் ஒரு நடை போய் கேட்டைப் பாத்துட்டு வர்ற மனுஷன். எல்லாம் அந்தப் பாழாப்போன காய்ச்சல் பண்ணின வேலை. படுத்த படுக்கையாக் கிடந்தார். எழுந்து உக்காந்தப்போ மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல.

— உனக்கும்தானேக்கா வந்துச்சு, அதே காய்ச்சல்?

— எனக்கென்ன, நாலு தும்மல் தும்மினேன், ஒரு மாத்திரையைப் போட்டேன், எழுந்து வேலையைப் பாத்தேன். அடுப்பங்கரையில நிக்கறவளுக்குப் படுத்துக்க ஏதுடா நேரம்? இவரைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மூக்கு தூங்கிப் போச்சும்மா, தினமும் விதவிதமா வாசனை காட்டு, ருசி காட்டு, தட்டித் தட்டி எழுப்புன்னார். எப்போ எழுந்திரிக்கும்னு கேட்டேன். அதுக்கா இஷ்டம் வரும்போதுன்னார்.

— அதான் இந்த வீட்டுல பர்கரா பொழியுதா?

— பின்ன? ரொட்டின்னு ஒண்ணு இருக்கே, அதுக்குன்னு தனியா ஒரு பேச்சு கிடையாது. நாம உள்ள எதை வைக்கிறோமோ அதுதான் பேசும். அதனால தினமும் ஒண்ணைப் பேச விட்டேன். வேர்க்கடலையை ஒண்ணும் பாதியுமா அரைச்சு உருளைக்கிழங்கோட பிசைஞ்சு வடையாத் தட்டினேன். அன்னாசிப் பழத்தை வட்டமா வெட்டிச் சுட்டு வச்சேன். பன்னே வேணாம்னு ரெண்டு ஆம்லெட்டுக்கு நடுவுல காய்கறியை வச்சுக் கொடுத்தேன். கடக்முடக்குனு சத்தமாவது கேக்கட்டும்னு சிப்ஸை நொறுக்கி உள்ள தூவினேன். சாண்ட்விச்சை நல்லா அமுக்கணுமே, மெஷின் ஏது நம்மகிட்ட? அலுமினியத் தாள்ல சுத்தி அயர்ன் பாக்ஸை எடுத்து மேல வச்சேன். என்ன அழகா கோடு கோடா வந்துச்சு தெரியுமா!

— அயர்ன் பாக்ஸ்லயா? அக்கா, போன வாரம் என் சட்டையை அதுலதானே தேய்ச்சுக் கொடுத்தே?

— ஏன், என்ன ஆச்சு சட்டைக்கு?

— வேன்ல உக்காந்தா எனக்கே பசிக்குதுக்கா. நானும் ஒரு வாரமா ஏன்னு யோசிக்கறேன்!

— போடா. சரி, விளையாட்டு போதும். என்னங்க, கேட்டுக்கோங்க. மொத்தம் நாலு பர்கர். மூணு தயார், நாலாவதுக்கு பன் மட்டும் சுடணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு திருட்டு வேலை பண்ணி வச்சிருக்கேன். அது என்னன்னு நீங்க சொல்லணும். ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டாகூட மூக்கு எழுந்திரிச்சிடுச்சுன்னு அர்த்தம். இவன் போய் உங்க முதலாளிகிட்ட சொல்லிடுவான். ஒண்ணையும் சொல்ல முடியலைன்னா, அதையும் சொல்லிடுவான். அதுக்கப்புறம் நான் உங்களை எதுவும் கேக்க மாட்டேன்.

— மாப்ள, உனக்கு நேரமாகலையா?

— ஆகுது மாமா. ஆனா வேர்க்கடலை பர்கர்னு அக்கா சொன்னதும் காலு எழும்ப மாட்டேங்குது.

— இந்தா, பாதி உனக்கு, பாதி இவருக்கு. கண்ணை மூடுங்க. ம், கடிங்க. நல்லா மெல்லுங்க. என்ன தெரியுது?

— பன்னு மெத்துனு இருக்கு.

— அதைத் தொட்டே சொல்லலாம். உள்ள?

— உள்ள ஏதோ இருக்கு.

— ஏதோ இல்லாம காத்தா இருக்கும்? ஏண்டா, உனக்கென்ன ஆச்சு? ஏன் கண்ணுல தண்ணி வருது?

— தண்ணி குடு... தண்ணி... அக்கா, பூண்டு! எவ்வளவு பூண்டுக்கா இது! ஒரு மூட்டையை அப்படியே... ஆ! என்ன மாமா, கால்ல மிதிக்கிறீங்க?

— இடம் பத்தல. தள்ளி உக்காரு.

— இவ்வளவு பெரிய பெஞ்சுல இடம் பத்தலையா?

— பூண்டா? நான் வச்ச திருட்டு வேலை பூண்டே இல்லையே. அது மேல தடவற மயோனைஸ்ல போட்டது. முதல்ல ரெண்டு பல்லு தட்டிப் போட்டேன், வாசனையே எழும்பல. இன்னும் ரெண்டு. அப்பவும் ஒண்ணும் காணோம். சரி கழுதைன்னு இருந்ததை எல்லாம் தட்டிக் கொட்டிட்டேன். இப்போ வர்ற பூண்டெல்லாம் வெறும் வெள்ளைத் தோலுடா. உள்ள சரக்கே இல்ல.

— இல்லக்கா, சத்தியமா உள்ள சரக்கு...

— மாப்ள, சாப்பிடும்போது பேசாதே. புரை ஏறும்.

— நேத்து அந்தக் கடைக்காரனைப் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன். புதினா வாங்கினா புல்லு மாதிரி இருக்கு. பட்டை வாங்கினா மரத்தூள். ஏலக்காய்க்குள்ள கறுப்பா நாலு மணி இருக்கு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. கேட்டா, 'எல்லாரும் இதைத்தான்மா வாங்கிட்டுப் போறாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல'ங்கறான். ஊரே ஏமாந்தா நானும் ஏமாறணுமா? அடுத்த கடைக்குப் போனேன். அவனும் அதே கூட்டாளி!

— கடைக்காரங்களை விடு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க.

— நீங்க யாருக்கு வேணா பாவம் பாருங்க, எனக்கு மட்டும் பாக்காதீங்க. சரி சொல்லுங்க, முதல் பர்கர்ல என்ன திருட்டு வேலை?

— தெரியல.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிச்சா ருசி வருமா?

— அக்கா, எனக்குத் தெரிஞ்சிடுச்சு. உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டிருக்கே. பூண்டு தாண்டி உள்ள போனதும் இனிக்குது.

— வேன் ஓட்டறவன் சொல்லிட்டான், மூக்கு சாருக்குத் தெரியல! சரி. ரெண்டாவதை எடுங்க. பச்சைப் பட்டாணி வடை, மேல சுட்ட அன்னாசி. நில்லுங்க, நில்லுங்க. இப்போ என்ன பண்ணினீங்க?

— என்ன பண்ணினேன்?

— பன்னைப் பிரிச்சு மூக்குகிட்ட கொண்டு போனீங்க. மூக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சுது. நான் பாத்தேன். வாசனை தெரியாதவர் எதுக்குங்க மோந்து பாக்கணும்?

— பழக்க தோஷம்.

— பழக்க தோஷமாம். கடிங்க. என்ன தெரியுது?

— சூடா இருக்கு.

— அப்புறம்?

— அப்புறம் ஆறிடும்.

— ஐயோ கடவுளே. தம்பி, நீ சொல்லு.

— கசக்குது. ஆனா கெட்ட கசப்பு இல்ல. காப்பித்தூளாக்கா?

— அதேதான்! நேரா நாக்குல பட்டிருக்குமே, அந்தக் கசப்பு! என்னங்க, கசப்புகூடவா தெரியல உங்களுக்கு?

— தெரியலைன்னா தெரியலதான். விடேன். அருமையா இருக்குன்னா சந்தேகப்படறே, தெரியலைன்னா திட்டறே.

— திட்டலைங்க. எனக்கு... சரி, மூணாவதைச் சாப்பிடுங்க. இது நான் ரொம்ப ஆசையா பண்ணினது. மாடிவீடுன்னு பேரு வச்சிருக்கேன். கீழ் மாடியில முட்டை, மேல் மாடியில வறுத்த காளான், நடுவுல சீஸ் உருகி வழியும். தம்பி, ஒழுகும், கையைக் கீழ வச்சுக்க.

— பாத்தாலே எச்சில் ஊறுதுக்கா. கொஞ்சம் பெரிய துண்டா... அக்கா, இந்த சீஸ் ஒரு மாதிரி...

— மாப்ள, அதைக் கொடு இங்க.

— இல்ல மாமா, இது என்னமோ...

— கொடுன்னேனே. முழுசையும் நானே சாப்பிட்டுக்கறேன். என்னோடது அது.

— ஐயய்யோ! என்னங்க இது! தட்டோட தட்டி விட்டுட்டீங்களே! ரெண்டு பாதியும் தரையில!

— கை தவறிடுச்சு.

— கை தவறல. நான் கண்ணால பாத்தேன். வேணும்னே தட்டி விட்டீங்க.

— நான் எதுக்கு வேணும்னே தட்டி விடப் போறேன்?

— அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு? காலையிலேர்ந்து அடுப்புல வெந்து பண்ணினேங்க. காளானை ஒவ்வொண்ணா துடைச்சு வதக்கினேன். எடுத்து வீசற மாதிரி வீசிட்டீங்களே.

— அக்கா, விடுக்கா, நான் பொறுக்கறேன்.

— நீ இரு. இன்னைக்கு நான் கேட்டுடறேன். உங்களுக்கு வேலைக்குப் போக இஷ்டம் இல்ல. அதானே? மூக்கு வந்துடக் கூடாதுன்னு பாக்கறீங்க. மூணாவதுல தெரிஞ்சு போச்சு, எங்க வாய் தவறிச் சொல்லிடுவோமோன்னு தட்டி விட்டீங்க.

— அப்படியே வச்சுக்கோ.

— எப்படிங்க வச்சுக்கறது? இவர் பகல் பூரா என்ன பண்றார் தெரியுமாடா? சமையலறை வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கறார். நான் கொல்லைப் பக்கம் போனா கொல்லைக்கு வரார். அடுப்புக்கிட்ட வந்தா அடுப்புக்கிட்ட. பக்கத்து வீட்டு அம்மா சிரிக்குது, உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல இப்போதான் ஆசை வந்திருக்கான்னு. எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. இப்போ பயமா இருக்குங்க. வெளியில போய் வந்துக்கிட்டிருந்த மனுஷன் இப்படி வீட்டுக்குள்ளயே சுருங்கிப் போறதைப் பாக்க என்னால முடியல. எனக்கே ரெண்டு மூணு மாசமா சாப்பாடு இறங்கறதில்ல. எதை வாயில வச்சாலும் காகிதத்தை மெல்லற மாதிரி இருக்கு. எல்லாம் உங்க கவலைதான்.

— எனக்காகக் கவலைப்படாதே.

— வேற யாருக்காகப் படறது? சரி, இருங்க. நாலாவது ஒண்ணு பாக்கி இருக்கு. பன்னை வாட்டி எடுத்துட்டு வரேன். இதையும் தட்டி விட்டீங்கன்னா அப்புறம் நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன், பாத்துக்கோங்க.

— மாமா.

— ம்.

— அக்கா உள்ள போயிடுச்சு. இப்போ சொல்லுங்க. அந்த சீஸ் கெட்டுப் போயிருந்துச்சு. வாய்கிட்ட கொண்டு போனதுமே எனக்குக் குமட்டிடுச்சு.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— அவ தட்டை எடுத்துக்கிட்டு சமையலறை வாசலைத் தாண்டும்போதே தெரியும்.

— மாமா! அப்போ உங்களுக்கு வந்...

— கத்தாதே. மெதுவா பேசு.

— சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. வந்துடுச்சுல்ல? அப்போ ஏன் இல்லைங்கறீங்க? அந்த வேலை பிடிக்கலையா உங்களுக்கு?

— பிடிக்கலையாவா? காலையில முதல் அண்டா கொதிக்கும்போது தக்காளியும் கிராம்பும் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாரு. அதுக்காகவே நான் அரைமணி முன்னாடி போவேன். அந்த வேலை இல்லைன்னா நான் யாரு, மாப்ள? காப்பியில குறை கண்டுபிடிக்கற கிழவன்.

— பின்ன ஏன்?

— முதலாளிகிட்ட வரலைன்னே சொல்லிடு.

— அந்தப் பையன் நிரந்தரமாயிடுவான் மாமா. அப்புறம் நீங்க நினைச்சாலும் உள்ள போக முடியாது.

— தெரியும். உக்காரட்டும். சின்னப் பையன், நாக்கு பழகிடும். வெந்நீர்ல வாய் கொப்புளிக்காம அடுத்த கரண்டி வைக்காதேன்னு மட்டும் நான் சொன்னதா சொல்லு. அவன் குளிர்ந்த தண்ணி குடிக்கறான்னு நினைக்கறேன். அதான் அவனுக்கு... இரு. ஏய்! அடுப்பை அணை! பன்னு கருகுது!

— எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? எங்க கருகுது? மேல வெள்ளையாத்தானே... ஐயய்யோ, ஆமாம். திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் கரியா இருக்கு. எடுத்துட்டு வரேன் இருங்க, நீங்களே பாருங்க. நான் தக்காளி வெட்டிக்கிட்டு இருந்தேன், கவனிக்கல.

— நீ பக்கத்துலயேதானேக்கா நின்னே?

— அட, அதை விடுடா! நான் இப்போதான் யோசிக்கறேன். இவர் இங்க உக்காந்திருக்கார். அடுப்பு அங்க இருக்கு. என்னங்க, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? மூக்குக்கு வந்துச்சா? என்னைப் பாத்து உண்மையைச் சொல்லுங்க.

— வந்துச்சு.

— வந்துச்சா? டேய், வந்துச்சுங்கறார்டா! மூக்கு எழுந்திரிச்சிடுச்சு! எத்தனை பர்கர் பண்ணினேன், கடைசில கருகிப் போன ஒரு பன்னு எழுப்பியிருக்கு பாரு! எனக்கு அழுகை அழுகையா வருதுடா. போனைப் போடு. உங்க முதலாளிகிட்ட திங்கக்கிழமை வரார்னு சொல்லு. இல்ல, இவர்கிட்டயே கொடு, இவரே பேசட்டும்.

— ரிங் போகுதுக்கா.

— போனை வை, மாப்ள.

— மாமா...

— வைன்னு சொன்னேன்.

— ஏங்க? இன்னும் என்னங்க?

— எனக்கு மூக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

— ஒரு மாசமா?

— ஆமா.

— ஒரு மாசமா நான் தினமும் உங்க வாயையே பாத்துக்கிட்டு நிக்கறேன். நீங்க ஒவ்வொரு கடி கடிக்கும்போதும் இன்னைக்காவது ஏதாவது குறை சொல்ல மாட்டாரான்னு ஏங்கிக்கிட்டு நிக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே என்னை இப்படி அலைய விட்டீங்களா? நான் என்னங்க பாவம் பண்ணினேன் உங்களுக்கு?

— நீ ஒண்ணும் பண்ணல. இப்படி வந்து உக்காரு. அந்தக் கருகின பன்னை மூக்குகிட்ட கொண்டு போ.

— எதுக்கு?

— கொண்டு போயேன்.

— சரி, கொண்டு போயாச்சு. என்ன?

— வாசனை வருதா?

— இந்தக் கடைக்காரன் கொடுக்கற பன்னுலயும்...

— கரிஞ்ச வாசனையைக் கடைக்காரன் ஏமாத்த முடியாது. நல்லா இழுத்துப் பாரு.

— இல்லைங்க. ஒண்ணுமே இல்ல. எனக்கு ஏன் ஒண்ணுமே வரல? டேய், உனக்கு வருதா?

— வீடு பூரா வருதுக்கா.

— அதே காய்ச்சல்தான். எனக்கு என்ன எடுத்துக்கிட்டுப் போச்சோ, அதையேதான் உன்கிட்டேயிருந்தும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. நான் படுத்துக் கிடந்தேன், எல்லாரும் பாத்தீங்க. நீ நின்னுக்கிட்டே இருந்தே, யாரும் பாக்கல. நானும்தான் பாக்கல. எனக்குத் திரும்பினதும் முதல்ல தெரிஞ்சதே உன் பூண்டுதான்.

— தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?

— சொல்லியிருக்கணும். எனக்காக விதவிதமா யோசிச்சுப் பண்ணிக்கிட்டிருந்தே. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் ரெண்டு நாள்ல உனக்கும் தானா திரும்பிடும், சொல்லி எதுக்கு பயமுறுத்தணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன்.

— சரி மாமா, அக்காவுக்கு வாசனை தெரியல, டாக்டர்கிட்ட காட்டுவோம். அதுக்காக வேலையை விடுவாங்களா? பூண்டு கொஞ்சம் ஜாஸ்தியாப் போகும், பன்னு ரெண்டு கருகும். அதைச் சாப்பிட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போகலாமே?

— போன மாசம் ஒரு நாள் பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு, கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு மாப்ள. நான் வாசல்லேர்ந்து ஓடி வரேன், இவ ஜன்னலைச் சாத்திட்டு, ஏதோ பாடிக்கிட்டே லைட்டரைக் கையில எடுக்கறா.